மூன்றாம் மாடித் திருத்தம்

ஜனவரி 19, ஞாயிறு

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னித்துக்கொள், பெனிட்டா. மணி பன்னிரண்டே முக்கால். தன்வி இப்போதுதான் தூங்கினாள். காய்ச்சல் இறங்கிவிட்டது, இருமல்தான் விடவில்லை. அறையில் விளக்குப் போட்டால் எழுந்துவிடுவாள் என்று சமையல் மேடையில் நோட்டை வைத்து நின்றுகொண்டே எழுதுகிறேன். கல்யாணமாகி மந்தைவெளிக்குப் போகும்போது, 'நோட்ட மட்டும் நிறுத்திடாதடி, எழுதி போட்டோ எடுத்து அனுப்பு, நைட் ஷிஃப்ட்ல படிச்சுக்கறேன்' என்றாய். அனுப்பிக்கொண்டிருக்கிறேன். நீ படிக்கிறாயா என்றுதான் தெரியவில்லை.

எழுபத்திரண்டாவது இதழை இன்று காலை ஒட்டினோம். நாளைக்கு இந்த நோட்டு வேறு பிள்ளைகள் கைக்குப் போனாலும் அவர்களுக்குப் புரிய வேண்டும் என்பது நீ போட்ட சட்டம். அதனால் உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். 'படிக்கட்டு', குடிசைகளை இடித்து நகருக்கு வெளியே நம்மைக் குடியேற்றிய காயல்மேடு குடியிருப்பில் நாற்பத்தொன்றாம் பிளாக்கின் சுவர்ப் பத்திரிகை. மாதம் இரண்டு ஞாயிறு வரும். முதல் பக்கம் கீழே வாசலில், அப்புறம் மாடிக்கு ஒரு பக்கமாக ஏழாவது மாடி வரை. லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் ஒவ்வொரு மாடியிலும் மூச்சு வாங்க நின்றுதானே ஆகவேண்டும், நிற்கிறவர்கள் எதையாவது படிக்கட்டுமே என்று நீயும் நானும் தொடங்கியது. இன்று ஒட்டும்போதுகூடக் கபிலன் சொன்னான்: 'லிஃப்ட்ட மட்டும் ரிப்பேர் பண்ணிட்டாங்கன்னு வெய்யிக்கா, நம்ம சர்க்குலேஷன் காலி.' பத்தொன்பது வயது. பகலில் சாப்பாட்டு டெலிவரி ஓட்டிவிட்டு, படம் வரையவும் நம் இன்ஸ்டா பக்கத்தைப் பார்த்துக்கொள்ளவும் இங்கே வருகிறான்.

மூன்றாம் மாடிப் பக்கம் எப்போதும் நல்ல சேதிக்கு. இந்த முறை ஷர்மிளா. பி.காம். முடித்து ஒன்றரை வருடம் அலைந்தாளே, நகருக்குள் ஒரு பெரிய நகைக்கடையில் பில்லிங்கில் வேலை கிடைத்திருக்கிறது. சேர்ந்து இரண்டு மாதம் ஆகிறது. கடைச் சேலையில் அவள் படம், கபிலன் வரைந்த பூ பார்டர், மேலே 'நம்ம பிளாக் பொண்ணு'. இன்ஸ்டாவிலும் போட்டிருக்கிறான், பின்னால் நம் பிளாக் போர்டு தெரிகிற மாதிரி, கடையின் பெயரையும் இணைத்து. நேற்று என்னிடம் காட்டியபோது ஒரு கையில் தெர்மாமீட்டர் வைத்திருந்தேன். 'அவளைக் கேட்டியாடா?' என்றேன். 'சர்ப்ரைஸ்க்கா' என்றான். சரி போடு என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. தன்வியின் எல்.கே.ஜி. விண்ணப்பத்தில் உன் மாமியார் வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டேன். நீ அன்றைக்குச் சரி என்று சொன்னதுதான். நம் பின்கோடைப் பார்த்தாலே அந்தப் பள்ளியில் 'சீட் முடிஞ்சிடுச்சு' என்பார்களாம், மூன்று பேர் சொன்னார்கள். அது வேறு விஷயம், இந்த நோட்டில் வரவேண்டியதில்லை. தபால் ஏதும் வந்தால் எடுத்து வை.

ஜனவரி 21, செவ்வாய்

தண்ணீர் லாரி வரவில்லை. தன்விக்கு இருமல் மருந்து மாற்றியாயிற்று.

மூன்றாம் மாடியில் ஷர்மிளாவின் அம்மா தேவகியக்கா நின்றிருந்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. ஏறிப்போகிறவர்களை நிறுத்தி நிறுத்தி, 'கொஞ்சம் படியேன், இன்னா போட்டுக்கீது' என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னையும் நிறுத்தினார். நான்தான் எழுதியது என்று தெரியும், இருந்தாலும் படிக்கச் சொன்னார். படித்தேன்.

ஜனவரி 24, வெள்ளி

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

சாயங்காலம் தேவகியக்கா ஆறாவது மாடிக்கு ஏறி வந்தார். கதவைத் தட்டவில்லை. வெளியே நின்று, 'எழிலு, வெளிய வா' என்றார். தன்வியை இடுப்பில் வைத்துக்கொண்டே போனேன்.

'எம்பொண்ணு போட்டோவப் போடச் சொல்லி உன்ன நாங்க கேட்டமா? வந்து கெஞ்சினமா?'

'என்னக்கா ஆச்சு?'

'வூட்டுக்கு அனுச்சிட்டாங்க. பாதி வேலையில, சேலையக் கழட்டிக் குடுத்துட்டுப் போன்னு.'

நிறுத்தி நிறுத்தித்தான் சொன்னார். கடையில் சூப்பர்வைசர் ஃபோனை நீட்டி, 'இது எந்த இடம்? நீ மயிலாப்பூர்னு இல்ல எழுதிக் குடுத்திருக்க?' என்று கேட்டிருக்கிறார். ஷர்மிளா அவளுடைய சித்தி வீட்டு முகவரியைக் கொடுத்துச் சேர்ந்திருக்கிறாள். 'அட்ரஸ்லயே பொய் சொல்ற பொண்ண நகை வெச்சிருக்கற இடத்துல எப்படிம்மா விடறது?' காயல்மேடு என்ற பெயரை அவர் ஒரு தடவைகூடச் சொல்லவில்லையாம். பொய் சொன்னதற்காகத்தான் நிறுத்துகிறோம் என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள்.

'நீ எம்மே படிச்சவதானே?' என்றார் தேவகியக்கா. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. 'நம்ம பேர எங்க சொல்லணும், எங்க சொல்லக்கூடாதுன்னு உனுக்குத் தெரியாது? படிக்காத எனுக்கே தெரியுதே.'

'எனக்குத் தோணவே இல்லக்கா' என்றேன். வாயில் வந்தது அதுதான்.

தன்வி என் தோளில் முகத்தை மூடிக்கொண்டாள். தேவகியக்கா அவளைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். 'கொயந்தைக்கு ஒடம்பு சரியாயிடுச்சா?' என்று கேட்டுவிட்டு இறங்கிப் போனார். அவர் கத்தியதைவிட அந்தக் கேள்விதான் என்னை இன்னும் விடவில்லை.

ஜனவரி 25, சனி

இன்ஸ்டாவில் இருந்ததைக் கபிலன் எடுத்துவிட்டான். நானூற்றுச் சொச்சம் பேர் பார்த்திருந்தார்கள்.

மூன்றாம் மாடியில் பார்டர் இருக்கிறது, தலைப்பு இருக்கிறது, ஷர்மிளாவின் படம் இல்லை. யாரும் கிழிக்கவில்லை. ஈரத்துணியால் ஊறவைத்து, ஓரம் மடங்காமல் பிரித்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஜனவரி 26, ஞாயிறு

கீழே கொடியேற்றம். மிட்டாய் கொடுத்தார்கள். பத்து மணிக்கு ஏழாவது மாடிப் படியில் கூட்டம் போட்டோம். ஒன்பது பேர் வந்தார்கள். ஷர்மிளா வரவில்லை. கபிலன் மிட்டாயைக் கையிலேயே வைத்திருந்தான், அது உருகிக் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டது.

மும்தாஜ்தான் பேச்சை எடுத்தாள். ப்ளஸ் டூ படிக்கிறாள், நம் சட்டமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். 'தப்பு எந்த மாடில வந்துச்சோ, திருத்தம் அதே மாடில வரணும், அதே அளவுல வரணும், தப்பு பண்ணவங்க பேரோட வரணும். போன வருஷம் நாய் விஷயத்துக்கே போட்டோம்.'

பரமசிவம் அண்ணன் வீட்டு நாய் கடித்துவிட்டது என்று எழுதி, கடித்தது அந்த நாய் இல்லை என்று நாயின் படத்தோடு திருத்தம் போட்டோமே, அதைச் சொல்கிறாள். அன்றைக்குச் சிரித்ததை நினைத்தோ என்னவோ, யாரும் யாரையும் பார்க்கவில்லை.

'என் பேரே போடு. நான்தானே போட்டேன்' என்றான் கபிலன்.

'சரிடா, என்னன்னு போடறது? ஷர்மிளாக்காவுக்கு வேல கெடச்சுதுன்னு எழுதினோம். அது தப்பா? அவங்க நம்ம பிளாக்குன்னு எழுதினோம். அது தப்பா? நெஜமா நடந்ததுக்கு எப்படித் திருத்தம் எழுதறது?'

'எதுவுமே தப்பில்லன்னா அந்த வேல எப்படிப் போச்சு?'

பிறகு கபிலனே, 'நானும் டெலிவரில சேர்றப்ப எங்க பெரியப்பா வீட்டு அட்ரஸ்தான் குடுத்தேன்' என்றான். டியூஷன் மிஸ்ஸிடம் நாவலூர் என்று சொல்லி வைத்திருப்பதாக மும்தாஜ் சொன்னாள்; மழை நாளில் அந்த மிஸ் ஸ்கூட்டியில் கொண்டுவந்து விட்டபோது, ஏதோ ஒரு அபார்ட்மென்ட் வாசலில் இறங்கி, அவர் கண்ணில் மறையும்வரை கையாட்டிவிட்டு, நனைந்துகொண்டே நடந்து வந்தாளாம். சிரிப்பு வந்தது. இன்னொரு பெண் அதேபோல ஒன்று சொன்னாள். இன்னொருத்தன். நான்காவது ஆள் சொல்லும்போது சிரிப்பு நின்றுவிட்டது.

யோசனை மும்தாஜுடையது. செருப்பு டப்பா ஒன்றில் ஓட்டை போட்டு மூன்றாம் மாடியில் வைப்பது. 'நம் முகவரியை மாற்றிச் சொன்னது எங்கே? பெயர் எழுத வேண்டாம்' என்று பக்கத்தில் ஒட்டுவது. வருகிற சீட்டுகளை எல்லாம் அடுத்த இதழில் மூன்றாம் மாடியில் போடுவது. இந்த மூன்று வருடத்தில் இந்தப் பிள்ளைகள் யோசித்ததிலேயே இதுதான் பெரியது என்று நினைக்கிறேன். நீ இருந்திருந்தால் விசில் அடித்திருப்பாய்.

'யக்கா, உங்களுது?' என்றான் கபிலன்.

'எனக்கு அந்த மாதிரி தேவை வந்ததில்லடா' என்றேன். தன்வி எழுந்திருப்பாள் என்று சொல்லிவிட்டு இறங்கி வந்துவிட்டேன். அவள் அப்போதுதான் தூங்கியிருந்தாள்.

ஜனவரி 28, செவ்வாய்

என் வீட்டுக்காரர் சுகுமார் வேலையிலிருந்து வந்து, இரண்டு குடம் தண்ணீர் ஏற்றிவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். இன்று நான்கு வீட்டில் ஏசி மாட்டினாராம்.

'மூணாவது மாடில டப்பா ஒண்ணு இருக்கே, உங்க வேலதானா?'

'பசங்க வேல.'

'எழில், சீட் வர்ற வரைக்கும் கொஞ்சம் சும்மா இரு. நான் பேப்பர் வேணாம்னு சொல்லல. அட்ரஸ் விஷயம் மட்டும் வேணாம். யாராவது இன்ஸ்டால போட்டு, அது அந்த ஸ்கூலுக்குப் போயி… ஷர்மிளா பொண்ணுக்கு ஆன மாதிரி நம்ம கொழந்தைக்கும் ஆகணுமா?'

'உங்களுக்கு இதெல்லாம் ஒண்ணும் தோணலையா?'

'எனக்கென்ன? ஸ்பேனர் புடிக்கறவன எந்த ஏரியான்னு யாரு கேக்கப்போறா?'

தன்வியை நேர்காணலுக்குத் தயார் பண்ணிக்கொண்டிருக்கிறேன். நிறங்கள் சொல்கிறாள். பழங்களில் கொய்யாவை மட்டும் தமிழில் சொல்கிறாள். அப்பா பெயர், அம்மா பெயர், மற்றதெல்லாம் நன்றாகவே வருகிறது.

ஜனவரி 31, வெள்ளி

டப்பாவைத் திறந்தோம். பத்து இருபது வந்தால் பெரிது என்று நினைத்தேன். அறுபத்து மூன்று.

மத்தியானம் தன்வி தூங்கும்போது தரையில் பரப்பி ஒன்றொன்றாகப் படித்தேன். பெண் பார்க்க வந்தவர்களைச் சொந்தக்காரர் வீட்டுக்கு வரவழைத்துக் காட்டியிருக்கிறார்கள் ஒரு வீட்டில். கல்யாணமாகி நாலு மாதம் கழித்துத்தான் மாப்பிள்ளை வீட்டார் இங்கே வந்தார்களாம். ஒரு சீட்டில் 'பேங்கில்' என்று ஒரே சொல். காலேஜ் சிநேகிதியைப் பிறந்தநாளுக்கு வீட்டுக்குக் கூப்பிட முடியாமல், அம்மாவுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று மூன்று வருடமும் சொன்ன பெண் ஒருத்தி. யாரோ சின்னப் பிள்ளை, 'நான் மாத்தி சொல்ல மாட்டேன், எனக்கு வேற அட்ரஸ் தெரியாது' என்று எழுதியிருந்தது.

ஒரு சீட்டு, ஏசி சர்வீஸ் ரசீதின் பின்பக்கத்தில் இருந்தது. 'வேலை முடித்துத் தண்ணீர் கேட்டேன். எந்த ஏரியா என்று கேட்டார்கள். சொன்னேன். பிளாஸ்டிக் தம்ளரில் கொடுத்தார்கள். அதிலிருந்து நான் அடையாறு.' கையெழுத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றில்லை. ரசீது எண்கூட மேலேயே இருந்தது.

அதை எடுத்துக் கட்டின் நடுவில் செருகி வைத்தேன். இரவு சாப்பாட்டுக்கு அவருக்குப் பிடித்த வற்றல் வறுத்தேன். எதுவும் கேட்கவில்லை.

பிப்ரவரி 2, ஞாயிறு

ஷர்மிளா வந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வந்து உட்கார்ந்து அவளும் இரண்டு மூன்று மடித்தாள். இளைத்திருக்கிறாள்.

'உங்க மேல கோவமா இருப்பன்னு நெனச்சிங்களாக்கா?'

'இருக்கணும்தான்.'

'கோவப்படக்கூட தெம்பு இல்லக்கா. டயர்டா இருக்கு. அம்மாதான் தெனமும் அந்த போட்டோவ எடுத்து வெச்சிக்கினு அழுவுது. அதப் பாத்தாதான் எரிச்சலு.'

சீட்டுகளைக் காட்டினேன். அடுத்த இதழ் ஒன்பதாம் தேதி, மூன்றாம் மாடியில் உனக்காக இதைத்தான் போடப்போகிறோம் என்றேன். நல்லதுதானே செய்கிறோம் என்ற எண்ணத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்துகூட இருக்கும். நிதானமாக ஏழெட்டுப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

'நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல ஒருத்தர் பேரும் இல்லையே. அறுபத்தி மூணு பேரும் உள்ள ஒளிஞ்சிட்டாங்க. பேரோட வெளிய நிக்கறது நான் ஒருத்திதான்.'

நான் மடித்த துணியையே மறுபடி மடித்தேன்.

அவள் பையிலிருந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்தாள். கண்ணாடிக் கடை ஒன்றில் ரிசப்ஷன் வேலை, திங்கட்கிழமை, பத்தாம் தேதி நேர்காணல். எல்லாம் நிரப்பியிருந்தாள். தற்போதைய முகவரி என்ற கட்டம் மட்டும் காலி. 'இதுல இன்னா எழுதட்டும்? நீங்களே சொல்லுங்க. சித்தி வூட்டுத எழுதினா பொய்யி. இதையே எழுதினா கூப்புடவே மாட்டாங்க. நீங்க சொல்றத எழுதறேன்.'

'நம்ம அட்ரஸையே எழுது. எத்தன நாள் பயப்படறது?' என்றேன். முதல் இதழில் நீயும் நானும் எழுதின வாக்கியம் அது. யோசிக்காமல் வந்துவிட்டது.

'சரிக்கா' என்று பேனாவைத் திறந்தாள். தன்வி அவள் மடியில் ஏறினாள். ஷர்மிளா சும்மா விளையாட்டுக்குத்தான், 'மேடம், உங்க பேரு இன்னா? எங்க இருக்கீங்க?' என்று கேட்டாள்.

தன்வி இறங்கி நின்று, கைகளைக் கட்டிக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்த மாதிரியே தெருப்பெயரோடு, கதவு எண்ணோடு சொன்னாள். முடிவில் 'மந்தைவெளி, சென்னை இருபத்தெட்டு, மிஸ்.'



ஷர்மிளா அவளுக்குக் கை தட்டினாள். 'சூப்பரா சொல்ற செல்லம்' என்றாள். பிறகு என்னைப் பார்க்காமல், 'நான் ரெண்டு வாரம் கண்ணாடி முன்னாடி நின்னு ப்ராக்டிஸ் பண்ணேன்கா. எனக்கு இவ்ளோ தெளிவா வரல' என்றாள்.

பேனாவை மூடினாள். விண்ணப்பத்தை மடித்துப் பையில் வைத்தாள். 'வெள்ளிக்கெழம வரேன். யோசிச்சு சொல்லுங்க' என்று போய்விட்டாள். கிண்டலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பிப்ரவரி 4, செவ்வாய்

பெனிட்டா, அவசரம். பள்ளியிலிருந்து ஃபோன் வந்தது. தன்வி பெயர் முதல் பட்டியலில் இருக்கிறதாம். சனிக்கிழமை பத்து மணிக்கு மேல் ஆள் வந்து வீட்டைப் பார்ப்பார்களாம், அப்புறம் நேர்காணலும் முடிந்தால்தான் உறுதி. வெள்ளி இரவே நாங்கள் மூவரும் உன் மாமியார் வீட்டுக்கு வந்துவிடலாமா? மாடியில் இருக்கும் அறையில் நாங்கள் குடியிருப்பதாக அத்தை ஒரு வார்த்தை சொன்னால் போதும். தன்வியின் துணி, பொம்மை, சுவரில் மாட்ட ஒரு போட்டோ எல்லாம் கொண்டுவருகிறேன்.

சுகுமார் ஃபோனைக் கேட்டதும் தன்வியைத் தூக்கித் தலைக்குமேல் சுற்றினார். ரொம்ப நாளாயிற்று அவரை அப்படிப் பார்த்து.

பிப்ரவரி 5, புதன்

நீ பார்த்துவிட்டாய் என்று காட்டுகிறது. பதில் இல்லை. ஷிஃப்டில் இருப்பாய்.

பிப்ரவரி 6, வியாழன்

இதை எழுதும்போதும் தன்வியின் கணுக்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருக்கிறேன். இன்று தரையில், அவள் பக்கத்திலேயே உட்கார்ந்துதான் எழுதுகிறேன். விளக்கு எரிகிறது. எழுந்தால் எழட்டும்.

பதினொரு மணிக்கு ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தோம். பள்ளி அலுவலகத்திலிருந்து மறுபடி ஃபோன். வீட்டுக்கு எதிரில் என்ன இருக்கிறது, அடையாளம் சொல்லுங்கள் என்றார்கள். உன் வீட்டுக்கு எதிரில் என்ன இருக்கிறது பெனிட்டா? உன் கல்யாணத்துக்கு ஒரே ஒரு முறை வந்தது. ஒரு தையற்கடை என்று நினைவு, இல்லை மருந்துக்கடையா? சத்தம் கேட்கவில்லை என்று சாக்குச் சொல்லி, வரிசையை விட்டு நான்கடி தள்ளிப் போய் யோசித்தேன். திரும்பினால் தன்வி இல்லை.

நாற்பது நிமிடம். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. மெயின் ரோடு பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிருக்கிறாள். அழுதுகொண்டிருந்தவளிடம் ஒரு அம்மா வீடு எங்கே என்று கேட்டிருக்கிறார். தன்வி கைகட்டி நின்று சொல்லியிருக்கிறாள், தெருப்பெயர், கதவு எண் எல்லாம். இவ்வளவு தெளிவாகச் சொல்கிறதே, இந்தக் குடியிருப்புப் பிள்ளையாக இருக்காது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. யாருமே நம் பிளாக் பக்கம் தேடவில்லை. நகருக்குள் போகும் ஷேர் ஆட்டோவில் டிரைவர் பக்கத்தில் உட்காரவைத்து, வழியில் போலீஸ் பூத்தில் விடச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நல்ல மனிதர்கள். எல்லாரும் நல்லதுதான் செய்தார்கள்.

அந்த வழியாக டெலிவரிக்குப் போன கபிலன், பூத்துக்குள் நாற்காலியில் அவள் பிஸ்கட் தின்றுகொண்டிருப்பதைப் பார்த்து வண்டியை நிறுத்தியிருக்கிறான். போலீஸ்காரர் லேசில் நம்பவில்லையாம். 'கொழந்த மந்தவெளின்னு சொல்லுது, நீ காயல்மேடுங்கற. எத நம்பறது?' கபிலன் எனக்கு வீடியோ கால் போட்டு, என் முகத்தைக் காட்டி, அவள் 'அம்மா' என்று கத்திய பிறகுதான் விட்டிருக்கிறார்.

அவன் அவளைக் கொண்டுவந்து இறக்கும்போது படிக்கட்டு முழுக்க ஆட்கள். தேவகியக்காதான் முதலில் வாங்கி, திருஷ்டி கழித்து, என்னிடம் கொடுத்தார். 'எந்த ஊரு பேரடி சொன்ன?' என்று மெதுவாகத் தன்வியைக் கேட்டார். அவள் மறுபடியும் ஒருமுறை ஒப்பித்தாள். யாரும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். கபிலனும் பார்த்தான்.

பிப்ரவரி 7, வெள்ளி

காலையில் மூன்றாம் மாடிப் பக்கத்தை எழுதிவிட்டேன். சீட்டுகள் அப்படியே வருகின்றன. மேலே, கட்டத்துக்குள் இது:

'திருத்தம். சென்ற இதழில் ஷர்மிளாவைப் பற்றி வந்த சேதி உண்மை. அவரைக் கேட்காமல் வெளியிட்டது தவறு. அதற்குச் சரி சொன்னது நான். எனக்கு முகவரியை மாற்றும் தேவை வந்ததில்லை என்று கூட்டத்தில் சொன்னேன். அது பொய். என் மகளின் பள்ளி விண்ணப்பத்தில் தோழி வீட்டு முகவரியை எழுதினேன். அதை என் மகளுக்கும் சொல்லிக்கொடுத்தேன். எழிலரசி, ஆறாவது மாடி.'

இதைத் தைரியம் என்று நினைத்துவிடாதே. அலுத்துவிட்டது. இரண்டு இடத்தில் குடியிருக்க என்னால் முடியவில்லை.

மும்தாஜ் படித்துவிட்டு ஒரு எழுத்துப்பிழையைத் திருத்தினாள். கபிலன், 'இத இன்ஸ்டால போட மாட்டேன்கா, சொவத்துல மட்டும்' என்றான். வேண்டாம், அதிலும் போடு, இந்த முறை கேட்டுவிட்டுத்தானே போடுகிறாய் என்றேன்.

நாலு மணிக்கு ஷர்மிளா வந்தாள், விண்ணப்பத்தோடு. 'உனக்கு என்ன எழுதணும்னு சொல்ல எனக்குத் தெரியல. நான் என்ன எழுதினேன்னு மட்டும் பாரு' என்று பக்கத்தைக் கொடுத்தேன். இரண்டு முறை படித்தாள்.

'அதே அளவுல வரணும்ல ரூலு? எனக்குப் போட்டோ போட்டீங்க. உங்க போட்டோ எங்க?'

எடுத்துக் கொடுத்தேன். கல்லூரி அடையாள அட்டைக்கு எடுத்த படம்தான் இருந்தது. பசை தடவி அவளே ஒட்டினாள். அந்தக் கட்டத்தில் என்ன எழுதப்போகிறாள் என்று நான் கேட்கவில்லை. 'இன்னும் முடிவு பண்ணலக்கா' என்று போகும்போது அவளாகச் சொன்னாள். திங்கட்கிழமை அவளோடு அந்தக் கடை வாசல் வரைக்கும் போகிறேன்.

சுகுமாரிடம் சாப்பிடும்போது சொன்னேன். பாதியில் கையைக் கழுவிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டார். அரைமணி நேரம் கழித்து வந்து, 'ஸ்கூல் சீட் போச்சுன்னா?' என்றார். தெரியல என்றேன். 'நேத்து அவ கெடைக்கலன்னா?' என்று அவரே கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்த் தன்வி பக்கத்தில் படுத்துக்கொண்டார். சம்மதமா கோபமா, எனக்குத் தெரியவில்லை.

பெனிட்டா, செவ்வாய்க்கிழமை நான் கேட்டதை மறந்துவிடு. நாங்கள் உன் வீட்டுக்கு வரவில்லை. பள்ளி அலுவலகத்துக்கு இரண்டு முறை ஃபோன் செய்தேன், எடுக்கவில்லை. அதனால் நாளை பத்து மணிக்கு ஆள் உங்கள் வாசலுக்கு வந்துதான் நிற்பார். தன்வி இங்கே இல்லை, காயல்மேட்டில் நாற்பத்தொன்றாம் பிளாக்கில் அவள் அப்பா அம்மாவோடு இருக்கிறாள் என்று அத்தையைச் சொல்லச் சொல். வீட்டைப் பார்க்க வேண்டுமென்றால் இங்கே வரச் சொல், நான் நாள் முழுக்க இருப்பேன். அத்தைக்கு என்னால் வந்த சங்கடத்துக்கு நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன். அவர் இப்படிச் சொல்வாரா, மாட்டாரா என்பது மட்டும் எனக்கு இன்றைக்கே தெரியவேண்டும். படித்ததும் சீக்கிரம் பதில் போடு.